போர்வை போதுமா என்று நீ கேட்டாய்

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், கண்ணு. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சீக்கிரம் முடித்துவிடுகிறாய், நானும் அதற்காகவே காத்திருந்தவன் போல விட்டுவிடுகிறேன். எழுதினால் அப்படி விட முடியாது. உனக்கு வாசிக்கப் பொறுமை இருக்கும்போது வாசி. அவசரமில்லை. நான்தான் பத்தொன்பது வருஷம் தாமதம் செய்தவன்.

உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நிவேதா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "மாமா, இவரு கால் எப்படி உடைஞ்சுதுனு கேட்டா, காத்தாடி எடுக்கப் போய் விழுந்தேன்னு ஒரே வரியில முடிச்சுடறாரு. நீங்களாவது முழுசா சொல்லுங்க." என் பக்கத்தில் இருந்த உங்கம்மா முந்திக்கொண்டாள். அத்தைக்காரி மாடிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள் என்றும், அன்றைக்குத் தான் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் பிள்ளைக்கு இந்தக் குறை வந்திருக்காது என்றும், எப்போதும் சொல்வதைச் சொன்னாள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான், "ஆமாம்மா, காத்தாடிதான்" என்றேன். அப்போதுதான் நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். பழைய பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அது புதுப் பொய். நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகிற ஒரு பெண்ணிடம், அறுபத்திரண்டு வயதில், நான் புதிதாகச் சொன்ன பொய்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், தெரியாததும் இருக்கும்.

வேங்கிக்கால் பக்கம் அந்தப் புதுக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு நீ பிறந்த வருஷம்தான் கிடைத்தது. அறுபது அடி உயரத் தொட்டி. காலையும் மாலையும் மோட்டார் போடுவது, மேலே ஏறித் தண்ணீர் மட்டம் பார்ப்பது, தெருத் தெருவாக வால்வு திறந்து விடுவது. நீ நான்காம் வகுப்பு போனதிலிருந்து மாலை நேரத்தில் என்னோடு வர ஆரம்பித்தாய். குழந்தைகளை மேலே ஏற்றக் கூடாது என்று குடியிருப்பின் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் ஏற்றினேன். நீ முன்னால், நான் உன் பின்னால், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னை நடுவில் வைத்து ஏறுவேன். மேலே போனதும் உன் டவுசரின் இடுப்புப் பட்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். ஒரு பக்கம் கலெக்டர் ஆபீஸ் கட்டடங்கள், இன்னொரு பக்கம் ஊர், கோபுரங்கள், மலை. உனக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. நீ கீழேயே பார்த்துக்கொண்டிருப்பாய்.

முதல் நாள் ஒரு செங்கல் துண்டு கைபட்டு விழுந்தது. விழுந்த சத்தம் வந்ததும் நீ என்னைப் பார்த்து, "எவ்ளோ நேரம் ஆச்சுப்பா?" என்றாய். மறுநாளிலிருந்து டவுசர் பையில் கூழாங்கல், புளியங்கொட்டை, தேங்காய் ஓடு, பிய்ந்த செருப்பு என்று எதையாவது கொண்டு வந்தாய். கீழே ஆளில்லை என்று நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் போடுவாய். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவாய். ரெண்டு சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் தரையைத் தொட்டுவிடும். கனமானதுதான் முதலில் விழும், இது தெரியாதா என்று நான் சொன்னேன். நீ அரைச் செங்கலை ஒரு கையிலும் கூழாங்கல்லை ஒரு கையிலும் வைத்து ஒரே நேரத்தில் விட்டாய். கீழே ஒரே சத்தம் கேட்டது. நீ சரியாக விடவில்லை என்று சொல்லி நான் விட்டேன். அப்போதும் ஒரே சத்தம். மூன்றாவது தடவையும் அப்படித்தான். நாற்பத்து மூன்று வயது வரை நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த ஒன்று அந்த இடத்திலேயே பொய்யாகிப்போனது. உனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை, பெரிய கல்லாகப் பார்த்து நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று வீம்பாகச் சொன்னேன்.

பிறகு காகிதம். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அப்படியே விட்டாய். அது இங்கும் அங்கும் அலைந்து, மோட்டார் ரூம் கூரை மேல் போய் உட்கார்ந்தது. அதே மாதிரி இன்னொரு தாளைக் கசக்கி உருண்டையாக்கிப் போட்டாய். கல்லுக்குக் கொஞ்சம் பின்னால்தான் போனது என்றாலும் நேராகக் கீழே போய்ச் சேர்ந்தது. "ரெண்டும் அதே எடதானே ப்பா? கசக்கினா எட ஏறிடுமா?" என்று கேட்டாய். வெகுநேரம் நாம் இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் நீதான் சொன்னாய், விரிந்த தாளைக் காற்று அடியிலிருந்து பிடிக்கிறது, உருண்டையைப் பிடிக்க அதற்கு இடமில்லை என்று. பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது, பெரிய கல்லை அதிகமாக இழுக்கிறது, ஆனால் பெரிய கல்லை நகர்த்தவும் அதிக பலம் வேண்டும், அதனால் சரிக்குச் சரியாகி இரண்டும் சேர்ந்தே விழுகின்றன, நடுவில் காற்று இல்லாவிட்டால் இறகும் இரும்பும்கூட ஒன்றாகத்தான் தரைக்கு வரும் என்பதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் நீ படித்து வந்து எனக்குச் சொன்னாய். ஆனால் அந்தச் சாயங்காலம், யாரும் சொல்லித்தராமல், நீயும் நானும் பாதியைக் கண்டுபிடித்துவிட்டோம். என் வாழ்க்கையில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் என் கல்யாண நாளைத்தான் சொல்லுவேன். மனதுக்குள் இந்தச் சாயங்காலத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்து துணிக்கடை பிளாஸ்டிக் பைகளில் பாராசூட் மாதிரிக் குடை செய்ய ஆரம்பித்தோம். நாலு மூலையிலும் நாலு நூல், நாலும் ஒரே நீளம், அடியில் ஒரு கல். நூல் ஒன்று நீளமாகிவிட்டால் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்தவன் நான். பை சின்னதாக இருந்தால் கல் வேகமாக விழும், பெரிதானால் மிதந்து போகும். ஒரு நாள் பெரிய பை ஒன்று காற்றில் தூக்கிக்கொண்டு போய், ரோட்டைத் தாண்டி, யாருடைய நிலக்கடலை வயலிலோ இறங்கியது. நீ கைதட்டிக் குதித்தாய். நான் உன் இடுப்புப் பட்டியை இறுகப் பிடித்திருந்தேன். அதன் மறுநாள்தான் நீ கேட்டாய். நான் குனிந்து தண்ணீர் அளக்கிற மட்டக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் கம்மி, கீழே நாலாவது தெருக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "கல்லுக்கு பதிலா ஆளக் கட்டினா ஆளும் மெதுவா எறங்குவானா ப்பா?" என்றாய். துணி பெரிதாக இருந்தால் இறங்குவான், ராணுவத்தில் அப்படித்தான் குதிக்கிறார்கள் என்றேன். "போர்வை போதுமா?" என்றாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போதும், போதும்" என்றேன்.

இதுதான் கண்ணு நான் சொன்னது. போதும், போதும். உன் வாயை மூடுவதற்காகச் சொன்னேனா, யோசிக்காமல் சொன்னேனா என்று எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டும்தான்.

மூன்று நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்கம்மா சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். போளூரிலிருந்து என் தங்கை கோமதி கைக்குழந்தையோடு வந்திருந்தாள், உன்னைப் பார்த்துக்கொள்ள. அவள் போர்வைகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டு, குழந்தை அழுகிறதென்று கீழே இறங்கினாள். மாடிக் கதவுக்குத் தாழ் போடவில்லை. நீ பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மேலே போயிருக்கிறாய். நான் வால்வு திறந்துகொண்டிருந்த தெருவுக்கு எதிர்வீட்டுக்காரர், கோமதி கத்தியதைக் கேட்டதும், சைக்கிளில் வந்து சொன்னார். நான் ஓடி வந்தபோது நீ துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாய். கோமதி உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தி அழுதுகொண்டிருந்தாள். போர்வை உன் மேல் கிடந்தது. அதன் நாலு மூலையிலிருந்தும் நாலு கயிறு, உன் பையின் பட்டையில் கட்டியிருந்தது. நாலும் ஒரே நீளம். முடிச்சுகூட நான் சொல்லித்தந்த முடிச்சு.

எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். தெருக்காரர்கள் இன்னும் உள்ளே வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைத் தூக்குவதற்கு முன்னால் அந்தக் கயிறுகளை அவிழ்த்தேன். நாலையும் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போர்வையை மடித்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைத் தூக்கினேன். நீ கண் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்டதே இல்லை. நானே சொல்கிறேன். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் இதெல்லாம் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, எங்கே வைத்துச் சொல்லிக்கொடுத்தது என்று பேச்சு வரும். தொட்டி மேலே குழந்தையை ஏற்றியது தெரிந்தால் வேலை போய்விடும். அந்த நேரத்தில் என் மனதில் இதுதான் ஓடியது. உன் கால் கோணிக்கொண்டு கிடக்கும்போது இது ஓடியது. உங்கம்மா மேல் இருந்த பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வேலைக்காகப் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் நியாயம் போலத் தெரியும். வேலை வேறு தேடியிருக்கலாம். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தாய் என்று உன்னைக் கேட்டார். நீ என் சட்டைப் பையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "காத்தாடி எடுக்கப் போனேன், வழுக்கிடுச்சு" என்றாய். பத்து வயசு. நான் உனக்குச் சொல்லித்தரவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. நீயாகப் புரிந்துகொண்டாய். சாயங்காலம் உங்கம்மா வந்து சேர்ந்தாள். வராந்தாவில் கோமதி குழந்தையோடு நின்றிருந்தாள். "உன் கொழந்தய மட்டும் மடியில வெச்சுக்கினு, எம் புள்ளய மேல விட்டுட்டியா?" என்று உங்கம்மா கேட்டாள். கோமதி என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போவது போலப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கோமதி இல்லை. அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுப் படி ஏறவில்லை. சாவு வீடுகளில் மட்டும் பார்த்துக்கொண்டோம்.

நீ கட்டுப்போட்டுப் படுத்திருந்த மாதங்களில் நல்ல மழை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் என்னைக் கேட்டாய், மழைத்துளி நம் தொட்டியைவிட எவ்வளவோ உயரத்திலிருந்து விழுகிறதே, அப்படியென்றால் கல் மாதிரி வேகமாக வந்து தலையை உடைக்க வேண்டாமா என்று. நான் தெரியாது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். நிஜமாகவே தெரியாது. ஆனால் தெரியாததெல்லாம் நாம் உட்கார்ந்து பேசுகிறவர்களாகத்தானே இருந்தோம். உன்னோடு அந்தப் பேச்சைத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று பயந்தேன். துளி வேகமெடுக்க எடுக்கக் காற்றின் தடையும் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இழுப்பும் தடையும் சமமாகிவிடும், அதற்கு மேல் அதன் வேகம் கூடாது என்று பின்னால் ஒரு பழைய பள்ளிப் புத்தகத்தில் படித்தேன். படித்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. நீ அப்போது ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். இன்றைக்கும் மழை வந்தால் நீ படுத்திருந்த அந்த ஜன்னல் பக்கம்தான் என் கண் போகிறது.

கட்டுப் பிரித்தபோது உன் ஒரு கால் ஒரு விரற்கடை அளவு குட்டையாகிப்போயிருந்தது. உங்கம்மா ஒரு வருஷத்துக்குப் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். கூட்டத்துக்குப் பயந்து விடியற்காலையில் கிளம்புவோம். செருப்பில்லாமல் பதினான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள், பிள்ளை நேராக நடக்க வேண்டும் என்று. நடு நடுவே கோமதியைத் திட்டுவாள், திட்டிவிட்டு அழுவாள். நான் பக்கத்திலேயே நடந்தேன். கிளம்பும்போதே தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு வருவேன், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அதைத் தாண்டியதும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். அந்த ஒரு வருஷமும் அப்படியே போனது. நாம் இரண்டு பேரும் அதற்குப் பிறகு தொட்டி மேலே ஏறவேயில்லை. நீ கேட்கவில்லை, நான் கூப்பிடவில்லை.

நீ படித்தாய், பூனா போனாய். அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களிடம், வாஷிங் மெஷினையும் பிரிட்ஜையும் பெட்டியோடு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்து, எந்த உயரத்தில் உடைகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை என்று நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். நீயாகவே பேச்சை எடுத்தாய். முப்பது கிலோ எடையுள்ள ஒரு பையன் அடிபடாமல் இறங்க வேண்டுமென்றால் நம் கூடத்தையே மூடுகிற அளவுக்குத் துணி வேண்டும், அதுவும் பன்னிரண்டு அடி உயரத்தில் உதவாது, துணி விரிந்து காற்றைப் பிடிப்பதற்குள் ஆள் தரைக்கு வந்துவிடுவான், மொத்தமும் ஒரு வினாடிகூட ஆகாது என்று கணக்கு மாதிரி சொன்னாய். குரலில் கோபம் இல்லை. நீ எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டாய் என்று இப்போது தெரிகிறது. நான், "ஓ, அப்படியா" என்றேன். சென்னை பஸ் வந்துவிட்டது என்று உன் பையைத் தூக்கிக் கொடுத்தேன். பஸ் போன பிறகும் வெகுநேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து நீ வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போளூர் போனேன். கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது, அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் கோமதி பெயர் இல்லை. உங்கம்மா எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கோமதி வாசலில் நின்ற என்னைப் பார்த்து, யாராவது செத்துப்போனார்களா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றதும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். முறத்தில் நிலக்கடலை வைத்து உரித்துக்கொண்டிருந்தவள் திரும்பவும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, பிளாஸ்டிக் பை, போதும் போதும் என்றது, கயிறு, எல்லாம். அவள் கை நிற்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உரித்தாள்.

"கயிற நீ பாக்கெட்ல போட்டத நான் பாத்தேண்ணா" என்றாள். "என்னத்துக்குனு அப்ப புரியல. அவன் வந்து சொன்னப்பறம்தான் புரிஞ்சுது."

நீ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது தனியாக பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாய். இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, தப்பு உங்க மேல இல்ல அத்தை என்று சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்றாயாம். நீ சொன்னதை கோமதி அப்படியே சொன்னாள். "அப்பாவே சொல்வாரு அத்த. நாம முந்திக்க வேணாம்."

ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் நீ முதலில் போளூரில் இறங்கி அவளைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாய் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலையில் வர வேண்டிய பிள்ளை ஏன் எப்போதும் சாயங்காலம் வருகிறான் என்று நானும் உங்கம்மாவும் பஸ்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

"வர்றப்பல்லாம் கேப்பான்ண்ணா, 'அப்பா சொன்னாரா அத்த'னு. நான் இல்லனு தலையாட்டுவேன்" என்றாள் கோமதி. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப ரெண்டு மூணு வருஷமா கேக்கறதில்ல."

கண்ணு, அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு. அண்ணி சொன்ன பேச்சைவிட, நான் மருந்து வாங்கப் போன முதுகுதான் தனக்கு மறக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். நான் அவள் காலைத் தொடப் போனேன், அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாடு போட்டாள். நீ கேட்பதை நிறுத்திவிட்டாய் என்ற அந்த ஒரு வார்த்தையோடு நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். நீ காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று உன் மேலேயே எனக்கு அர்த்தமில்லாத ஏக்கம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கயிறு எங்கே என்று கேட்டாள். மறுநாளே எரித்துவிட்டேன் என்றேன். மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மாசா மாசம் பக்கத்துலயே நடந்து வந்தீங்களே" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை குளித்து, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு போளூருக்குக் கிளம்பினாள். நானும் வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். சாயங்காலம்தான் திரும்பினாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அங்கே இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, அது என் காதுக்கு உரியதில்லை.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. நான் பெரிய புத்தி சொல்லுகிற தகுதியில் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் வீட்டில் உன் தப்புக்காக இன்னொருவர் தலைகுனிந்து நின்றால், அன்றைக்கே, சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டால், தப்பைச் சொல்வதோடு தள்ளிப்போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இரண்டாவதுதான் எனக்கு வாயில் வராமல் போனது. இன்னொன்று, உன் பிள்ளை ஏதாவது கேட்டால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அதன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

நிவேதாவிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அந்தப் பெண்ணிடம் கொடு. நீ பக்கத்தில் இருந்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வருவதாகச் சொன்னாய். முடிந்தால் ஒரு வாரம் முன்னால் வா. என்னைக் கேட்க வேண்டியதையெல்லாம் கேள், உங்கம்மா முன்னாலேயே கேள். கோபப்பட வேண்டுமென்றால் கோபப்படு. நீ என்னிடம் கோபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை, அந்தக் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் அது உன் குரல்தானே, வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் எனக்கு.

நேற்று கோமதி நம் வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வருஷம் கழித்து வந்தவள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நேற்றுதான் போனவள் மாதிரி நேராக அடுப்படிக்குப் போனாள். முகூர்த்தப் புடவையைப் பற்றி இரண்டு பேரும் பேசுவது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது, நடுவில் மூக்கு உறிஞ்சுவதும் கேட்டது. மதியம் உங்கம்மா கோமதிக்கு இலை போட்டு முதலில் பரிமாறினாள், பிறகு தனக்குப் போட்டுக்கொண்டாள். எனக்குப் போடவில்லை. இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். நான் எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து, சோறும் குழம்பும் நானே போட்டுக்கொண்டு வந்து அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தேன். யாரும் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை.

அப்பா